கூண்டுப் பட்டறையும் நாலு மில்லி துளையும்

மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் பழைய பேருந்து ஒன்றின் பக்கவாட்டுத் தகட்டை நெருங்கிப் பார்த்தால், ரிவிட் தலைகள் வரிசை பிடித்து நிற்பது தெரியும். பல ரிவிட்களைச் சுற்றித் தகடு சுத்தமாக இருக்கும். சிலவற்றிலிருந்து மட்டும், அழுத கண்ணில் மை கரைந்து இறங்கியதைப் போல, ஒரு கறுப்புக் கோடு கீழே இழுபட்டிருக்கும். கழுவினால் போகும், சில நாளில் மறுபடி வரும். அது சாலை அழுக்கல்ல. இறுக்கம் விட்டுப்போன ரிவிட்டும் தகடும் வண்டி ஓட ஓட ஒன்றையொன்று தேய்த்து உதிர்க்கும் அலுமினிய ஆக்சைடுத் தூள் அது. விமானப் பராமரிப்பில் இந்தக் கோட்டைக் கண்டாலே அந்த ரிவிட்டைச் சோதித்தாக வேண்டும் என்பது விதி. பேருந்தில் அந்தக் கட்டாயம் இல்லாததால், தகடு கடகடவென்று சத்தம் போடத் தொடங்கும்வரை யாரும் கவனிப்பதில்லை.

சத்தம் வந்ததும் பழி ரிவிட் மேல் விழுகிறது. மட்டமான சரக்கு, சரியாக இழுக்கவில்லை என்பார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை, துளையில் இருக்கிறது. பெரிதாகப் போன துளை, மூன்று மூலையாய் வெட்டுப்பட்ட துளை, பிசிறு நீக்காத துளை, ஓரத்துக்கு மிக அருகில் விழுந்த துளை என்று அதற்குப் பல முகங்கள். ஒரு ரிவிட்டை இழுக்க இரண்டு விநாடி போதும். அது நிலைக்குமா என்பது அதற்கு முன்பே, துளை போடும்போதே முடிவாகிவிடுகிறது. அலுமினியத் தகட்டில் துளை போடுவதைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசுவதற்கு இதுவே காரணம்.

தகட்டில் எப்படித் துளை போடுவது என்ற கேள்வியை உலகெங்கும் அதிகமாகக் கேட்பவர்கள், உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே கார் கட்டுபவர்கள். 1957-இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவன் அந்தப் பழக்கத்தைப் பரப்பியது. மெல்லிய எஃகுக் குழாய்களால் ஒரு சட்டகம். அதன்மேல் ரிவிட் அடித்த அலுமினியத் தகடு. மிச்சமெல்லாம் இயந்திரமும் சக்கரமும்தான். அதைப் பாகங்களாக வாங்கிச் சொந்தமாகப் பூட்டிக்கொண்டால் இங்கிலாந்தில் அப்போது வரி மிச்சம். 1973-இல் கேட்டர்ஹாம் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. 1996-இல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுண்டில் இப்படியொரு காரைச் சொந்தமாகக் கட்டலாம் என்று புத்தகமே எழுதினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் பலர் கொட்டகைகளில் தகட்டைத் துளைக்கத் தொடங்கினார்கள்.

நம் ஊரில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. கோவையில் ஜி.டி. நாயுடு 1952-இலேயே இரண்டு பேர் உட்காரும் சிறிய காரை உருவாக்கினார். அரசு உரிமம் கிடைக்காததால் அது தொடரவில்லை. இன்று வண்டியின் ஒவ்வொரு மாதிரியும் சோதனைக்கூடத்தின் ஒப்புதல் பெற்றே சாலைக்கு வர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே கொல்லைப்புறத்தில் கட்டிய காரைப் பதிவுசெய்து மதுரை சாலையில் ஓட்டலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

சாலை மூடியிருந்தாலும் பந்தயத் தடம் திறந்திருக்கிறது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 இயந்திரத்தை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை எண்பதுகளின் இறுதியில் கட்டி, நடுத்தர வீட்டுப் பிள்ளைகளும் பந்தயத்துக்கு வர வழி செய்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். 2003-இல் கோவை செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட தடம் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஃபார்முலா பாரத் என்ற மாணவர் போட்டி அங்கேதான் நடக்கிறது. கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்து, தாங்களே வெல்டிங் செய்து, தாங்களே தகடு போர்த்திய கார்களோடு அங்கு வருகிறார்கள். அந்தக் கார்களில் ஓட்டுநர் முதுகுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே தீத்தடுப்புச் சுவர் வேண்டும். கால் வைக்கும் இடத்திலிருந்து அந்தச் சுவர்வரை தரை முழுக்க மூடியிருக்க வேண்டும். பல அணிகள் இவ்விரண்டையும் அலுமினியத் தகட்டிலேயே செய்கின்றன. தமிழ்நாட்டில் கார் கட்டுபவர்களைத் தேடினால் முதலில் கண்ணில் படுபவர்கள் இந்த மாணவர்கள்தான்.

ஆனால் இவர்களுக்கு வெகுகாலம் முன்பே, இதே வேலையைப் பெரிய அளவில் செய்தவர்களும் செய்பவர்களும் பேருந்துக் கூண்டு கட்டுபவர்கள். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் பேருந்து ஓட்டத் தொடங்கிய காலத்தில் கூண்டு என்பது தச்சு வேலை: மரச்சட்டம், மரப்பலகை, மேலே தகரம். பின்னால் எஃகுச் சட்டமும் அலுமினியத் தகடும் வந்தன. தச்சர் நின்ற இடத்தில் ஃபிட்டரும் டிங்கரும் நின்றார்கள். 1972-இல் பல பேருந்துகள் அரசுடைமையாகி, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. கழகங்கள் தங்களுக்கென்று கூண்டு கட்டும் பிரிவுகளை நடத்தின. தனியார் பேருந்துகளுக்குக் கரூர் பட்டறைகள் பெயர் பெற்றன. இன்று ஏ.ஐ.எஸ். 052 என்னும் கூண்டு விதித்தொகுப்பு சட்டத்தின் பலத்தையும் அவசர வழியையும் இருக்கையையும் அளந்து சொல்கிறது. இவ்வளவு மாறியும், எஃகுக் குழாய்மேல் அலுமினியத் தகட்டைப் பதித்து ரிவிட் அடிக்கும் இணைப்பு அப்படியே நீடிக்கிறது. லோட்டஸ் செவனிலும் அது அதே இணைப்புதான். எனவே மதுரையில் ஒரு மாணவர் அணிக்குத் தகடு வேலையில் சந்தேகம் வந்தால் விடை வெளிநாட்டுக் காணொலியில்தான் கிடைக்கும் என்றில்லை. கப்பலூரிலோ கே. புதூரிலோ உள்ள தொழிற்பேட்டைக்குப் போய், தகடு போர்த்திப் பழகிய கை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தால் போதும்.

அந்த வேலைக்குப் பயன்படும் ரிவிட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. குண்டானின் கைப்பிடியில் இருப்பது போன்ற முழு ரிவிட்டை அடிக்க இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்: ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் தாங்குக்கட்டை. மூடிய குழாயின் உள்ளே கை போகாது. ஹாமில்டன் வைலி என்பவர் 1916-இல் குழல் ரிவிட்டை மூடும் வழிக்குக் காப்புரிமை கேட்டார். பின்னர் விமானத் தொழிற்சாலையில் வேலை செய்தபடியே, நடுவில் ஒரு கம்பியை இழுத்து ஒரே பக்கத்திலிருந்து ரிவிட்டை உப்பச் செய்யும் முறையை 1927-இல் பதிவு செய்தார். நாம் பாப் ரிவிட் என்று அழைப்பது அதன் வழிவந்ததுதான். கம்பியை இழுக்கும்போது அதன் குமிழ்த் தலை குழலை உள்ளே நசுக்கி அகலப்படுத்துகிறது. குறிப்பிட்ட இழுவையில் கம்பி ‘டப்’ என்று முறிகிறது. குழல் எந்த அளவுக்கு உப்பித் துளையை நிரப்ப முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

3.2 மி.மீ. ரிவிட்டுக்கு 3.3 மி.மீ. துளை, 4 மி.மீ. ரிவிட்டுக்கு 4.1, 4.8 மி.மீ. ரிவிட்டுக்கு 4.9. இடைவெளி 0.1 மி.மீ. மட்டுமே. நாலு மில்லி ரிவிட்டுக்கு நாலரை மில்லி பிட்டைப் போட்டாலும் ரிவிட் இறுகியதுபோலத்தான் தெரியும், அன்றைக்குக் கடகடக்காது. ஆனால் குழல் துளையின் சுவரைத் தொடாமல், தகட்டைத் தலையால் மட்டும் அழுத்திக்கொண்டு நிற்கும். வண்டி அதிர்ந்து அந்த அழுத்தம் தளர்ந்ததும் தகடு நகரும், துளை நீளும், கறுப்புக் கோடு இறங்கும். நேர்மாறாக, 4 மி.மீ. பிட்டால் துளைத்து ரிவிட்டைச் சுத்தியலால் தட்டித் திணிப்பவர்களும் உண்டு. தட்டும்போதே குழல் கோணிக்கொள்ளும். கடையில் 4.1 மி.மீ. பிட் கேட்டால் நாலையே எடுத்துப் போகச் சொல்வார்கள். கேட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது தகடு. எட்டடிக்கு நாலடி அலுமினியத் தகடு 18 கேஜில், அதாவது 1.2 மி.மீ. தடிமனில், ஏறத்தாழ 9.6 கிலோ எடை. அதே அளவு இரும்புத் தகடு 28 கிலோவைத் தொடும். அலுமினியத்தைத் தேடிப் போவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். இந்த மெல்லிய தகட்டில், பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சாதாரண டிரில் பிட்டின் முனைக்கோணம் 118 டிகிரி. 4.1 மி.மீ. பிட்டில் கூர்முனையிலிருந்து முழு அகலம் தொடங்கும் இடம்வரை உயரம் சுமார் 1.2 மி.மீ. தகட்டின் தடிமனும் அதுவே! பிட்டின் ஓரங்கள் முழு அகலத்துக்கு வெட்டத் தொடங்கும் நொடியில் கூர்முனை தகட்டைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. நடுவில் பிடிமானம் போன பிட் தடுமாறி ஆடுகிறது. அதனால் துளை வட்டமாக வராமல், முனை மழுங்கிய முக்கோணமாக வருகிறது. தகடு இன்னும் மெல்லியதாக இருந்தால் நிலைமை மேலும் மோசம். மூன்று மூலைத் துளையில் எவ்வளவு நல்ல ரிவிட்டை வைத்தாலும் அது மூன்று இடங்களில்தான் தொடும்.

இதற்கு மருந்து எளியது. தகட்டின் அடியில் பலகைத் துண்டை வைத்து இறுக்கிப் பிடித்தால், கூர்முனை மரத்தில் ஊன்றி நிற்கும். சட்டகத்தின் மேலேயே துளைத்தால் எஃகுக் குழாயே அந்த ஆதாரம். இல்லையென்றால் முதலில் இரண்டரை மில்லியில் ஒரு வழித்துளை, பிறகு 4.1. படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் வட்டத் துளை தரும். ஆனால் படியின் உயரம் தகட்டின் தடிமனைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இவற்றுள் வழித்துளை முறைதான் எல்லாவற்றிலும் சிறந்தது. துளை தவறிப்போனால் அதைத் திருத்த வாய்ப்புத் தருவது அது ஒன்றுதான். இரண்டரை மில்லித் துளை அரை மில்லி விலகியிருந்தால், உருண்டை அரத்தால் ஒரு பக்கம் இழுத்துவிட்டு 4.1-ஐச் சரியான இடத்தில் இறக்கலாம். நேராக 4.1 போட்டவருக்கு அந்த வழி இல்லை.

குறியிடும்போதே பாதி வேலை கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. கோடு கிழிக்கும் ஊசியால் அலுமினியத்தில் கீறினால், கீறல் விழுந்த இடத்தில் மடிக்கும்போது தகடு அங்கேயே விரியும். பென்சிலும் ஆகாது. அதன் காரீயம் உண்மையில் கிராஃபைட். ஈரம் பட்டால் அது அலுமினியத்தை அரிக்கும் என்பதால் விமான வேலையில் பென்சிலைத் தகட்டருகே விடுவதில்லை. காகித டேப்பை ஒட்டி அதன்மேல் மார்க்கர் பேனாவால் கோடு போடுவதே உத்தமம். டேப் இருந்தால் டிரில் வழுக்கி ஓடித் தகட்டைக் கோடு கிழிப்பதும் குறையும். பிறகு சென்டர் பஞ்ச். எஃகில் அடிப்பதுபோல ஓங்கி அடித்தால் துளையைச் சுற்றித் தகடு குழிந்து, ரிவிட் தலை சமமாக உட்காராது. பிட்டின் முனை நகராமல் உட்கார ஒரு புள்ளி விழுந்தால் போதும்.

இடைவெளியைப் பொறுத்தவரை விமானத்துறையின் அளவுகோல் எளிமையானது: துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து ரிவிட்டின் குறுக்களவைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளியிருக்க வேண்டும், ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. நாலு மில்லி ரிவிட்டுக்கு ஓரம் 8 மி.மீ. ஓர் அங்குலச் சதுரக் குழாயின் நடுக்கோட்டில் அடித்தால் பன்னிரண்டரை மில்லி கிடைக்கிறது, கவலை இல்லை. வீட்டில் கட்டும் கார்களில் துளைக்குத் துளை 50 முதல் 75 மி.மீ. வரை வைப்பது வழக்கம். நெருக்கி அடித்தால் பலம் கூடும் என்று நினைத்து இரண்டு மடங்கு ரிவிட் அடிப்பவர்கள், கிழிக்கக் குறித்த காகிதம்போல் தகட்டில் துளை வரிசையை உண்டாக்கிவிடுகிறார்கள்.

துளைக்கும் வேகத்தையும் சொல்லியாக வேண்டும். அலுமினியம் வேகமாகச் சுழலும் பிட்டை விரும்பும். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று தரும் கை டிரில்லுக்கு நாலு மில்லித் துளை சிரமமே இல்லை. அடியிலிருக்கும் எஃகுக் குழாய்க்கு அது அதிகம். இரண்டாயிரத்தைச் சுற்றி நிறுத்தாவிட்டால் பிட்டின் முனை கருகும். தகட்டைத் தாண்டி எஃகைத் தொட்டதும் டிரில்லின் சத்தம் மாறும். பழகிய கை அந்தச் சத்தத்திலேயே விசையைத் தளர்த்தும். அலுமினியம் பிட்டின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது; ஒட்டியதைத் துடைக்காமல் தொடர்ந்தால் துளை பெருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் அதைத் தடுக்கும். பட்டறைகளில் மண்ணெண்ணெய் பூசுவதும் உண்டு. அப்படியானால் அருகில் வெல்டிங் நடக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு டிரில்லைப் பிடிக்கவே கூடாது, சுற்றும் பிட் துணியோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். கண்ணாடி போடாமலும் துளைக்கக் கூடாது.

துளைத்து முடித்ததும் பெரும்பாலோர் நேராக ரிவிட்டை எடுக்கிறார்கள். இங்கேதான் நல்ல வேலையும் கெட்ட வேலையும் பிரிகின்றன. தகட்டின் அடிப்பக்கம் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பிசிறு வளையம் நிற்கும். தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே சுருள் சுருளாக உலோகத் தூள் சிக்கியிருக்கும். அதன்மேல் ரிவிட்டை இழுத்தால் தகடு குழாயில் படியாமல் மயிரிழை தூக்கி நிற்கும். பின்னால் பிசிறு தேய்ந்து படியும்போது இறுக்கம் காணாமல் போகும். ஆகவே எல்லாத் துளைகளையும் போட்டபின் தகட்டை முழுதாகக் கழற்ற வேண்டும். எட்டு அல்லது பத்து மில்லி பிட்டை விரலில் பிடித்து ஒவ்வொரு துளையிலும் இரண்டு திருப்பு திருப்பினால் பிசிறு போய்விடும். இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். அழுத்தித் திருப்பினால் துளையின் வாய் அகன்றுவிடும். குழாயின் துளைக்கும் இதே கவனிப்பு வேண்டும். பிறகு துடைத்து, மறுபடி பூட்டி, அப்போதுதான் ரிவிட்.

கழற்றிப் பூட்டும்போது துளைகள் விலகாதிருக்கத் தற்காலிகப் பிடி தேவை. விமானத் தொழிலில் இதற்கு கிளீக்கோ என்ற சுருள்வில் பிடி இருக்கிறது. துளைக்குள் போய் விரிந்து, தகட்டைக் குழாயோடு சேர்த்துக் கவ்வும். நிறத்தைப் பார்த்தே அளவு தெரியும், எட்டில் ஒரு அங்குலத் துளைக்குரியது செம்பு நிறம். அது இல்லாத பட்டறையில் நான்கைந்து துளைக்கு ஒன்றாகச் சிறிய போல்ட் நட்டையோ தகட்டுத் திருகையோ போட்டு வைத்தாலும் வேலை நடக்கும். கழற்றுவதற்குச் சோம்பல்படுவதைவிட அது எவ்வளவோ மேல். கூண்டுப் பட்டறைகளில் இந்தப் பிசிறு நீக்கும் வேலைக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை என்பதே இத்தொழிலின் உண்மையான குறை. தொழிலாளிக்கு வேலை தெரியாமல் இல்லை. தகட்டுக் கணக்கில் கூலி பேசினால் யாரும் தகட்டை இரண்டாம் முறை கழற்ற மாட்டார்கள். அந்த நேரத்துக்கும் கூலி கொடுக்கும் முதலாளிதான் கடகடக்காத வண்டியைக் கேட்கலாம்.

டிரில்லே இல்லாமல் பஞ்ச் வைத்து ஒரே அடியில் துளை வெட்டினால் என்ன என்ற கேள்வி எழும். பஞ்ச் வேகமானது, ஒரே அளவு தரும், தூள் சிந்தாது. ஆனால் அது வெட்டுவதைவிடக் கிழிப்பதே அதிகம். துளையின் சுவரில் பாதி வழுவழுப்பாகவும் மீதி முறிந்த உலோகமாகவும் இருக்கும். அந்த முறிந்த விளிம்பு நுண்ணிய விரிசல்களின் விளைநிலம். உலகம் இதை விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. முதல் ஜெட் பயணி விமானமான காமெட் 1954 ஜனவரி 10-இல் எல்பா தீவருகே 35 பேரோடும், ஏப்ரல் 8-இல் நேப்பிள்ஸ் அருகே 21 பேரோடும் கடலில் விழுந்தது. ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். 3,057 பறப்புகளுக்குச் சமமான சுழற்சியில் அதன் உடல் பிளந்தது. விமானக் கூட்டில் வெட்டிய திறப்புகளின் மூலைகளுக்கு அருகே, துளை விளிம்பில் தொடங்கிய உலோகச் சோர்வு விரிசலே காரணம் என்று விசாரணை முடிவுசெய்தது. ஜன்னலைச் சுற்றிய சட்டங்களை ஒட்டுவதாகத் திட்டமிட்டுவிட்டுக் கடைசியில் பஞ்ச் துளையில் ரிவிட் அடித்திருந்தது நிலைமையை மோசமாக்கியது. பேருந்துத் தகட்டில் அந்த அழுத்தம் இல்லை. உயிரும் அதை நம்பி இல்லை. ஆனாலும் அதிர்வு ஓயாத இடத்தில் பஞ்ச் துளை வேண்டாம் என்பதே சரியான தீர்ப்பு. பஞ்ச் செய்துதான் ஆக வேண்டுமென்றால் சிறிதாக வெட்டிவிட்டு, டிரில்லால் முழு அளவுக்குப் பெருக்கினால் கிழிந்த விளிம்பு சீவப்பட்டுவிடும்.

ரிவிட் தலை வெளியே தெரியக் கூடாது என்று துளையின் வாயைச் சரித்துக் குழித்து, தட்டைத் தலை ரிவிட் அடிக்கும் ஆசையும் பலருக்கு உண்டு. 1.2 மி.மீ. தகட்டில் அது ஆகாது. குழித்தபின் தகட்டின் கீழ்விளிம்பு கத்தி முனையாய் மிஞ்சும். 1988 ஏப்ரல் 28-இல் ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737, 24,000 அடி உயரத்தில் கூரையைப் பறிகொடுத்து, பணிப்பெண் ஒருவர் உயிரிழந்ததற்குப் பின்னால் இதே கத்தி முனைத் துளைகளின் வரிசை இருந்தது. 89,680 முறை பறந்த விமானம் அது. தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போனதும் சுமை முழுவதும் அந்தத் துளைகளின் மேல் விழுந்திருந்தது. காரின் பக்கவாட்டில் குமிழ்த் தலைகள் வரிசையாகத் தெரிவது அழகுக் குறைவல்ல. லோட்டஸ் செவன் கட்டுபவர்கள் அதைப் பெருமையாகவே காட்டுகிறார்கள்.

தகட்டைப் பற்றி இவ்வளவு பேசியபின் சட்டகத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும், ஏனென்றால் துளை இரண்டிலும் விழுகிறது. மாணவர் பந்தயக் காரில் ஓட்டுநரைக் காக்கும் குழாய்களில் கண்டபடி துளை போட விதி இடம் தராது. போட்டால் அதன் பலத்தைக் கணக்குக் காட்டி நிறுவ வேண்டும். விதியே கேட்டு வாங்கும் துளை ஒன்று உண்டு: குழாயின் சுவர்த் தடிமனை அளந்து பார்க்க, முன்வளையத்திலும் பிரதான வளையத்திலும் சுமை குறைந்த இடத்தில் 4.5 மி.மீ. அளவில் ஒன்று. தகட்டைப் பிடிக்க வேண்டிய இடங்களில் குழாயின்மேல் சிறு தகட்டுக் காதுகளை வெல்டிங் செய்து, அந்தக் காதில் துளை போட்டு ரிவிட் அடிப்பதே நல்ல வழி. கூண்டுச் சட்டத்தின் சதுரக் குழாயில் நேரே துளைக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு துளையும் மழைநீர் குழாய்க்குள் புகும் வாசல் என்பதை மறக்கக் கூடாது. அடிமூடிய ரிவிட் அதை அடைக்கும்.

மதுரைக்கே உரிய சோதனை வெயில். அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. விடிகாலைக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் இடையே உலோகத்தின் சூடு 40 டிகிரி கூடினால், இரண்டு மீட்டர் நீளத் தகடு தன் கீழிருக்கும் எஃகைவிட 0.9 மி.மீ. அளவுக்கு நீள முயலும். துளையில் நாம் விட்ட இடமோ 0.1 மி.மீ. மிச்சம் எங்கே போகும்? தகடு ரிவிட்டுக்கும் ரிவிட்டுக்கும் நடுவே உப்பும், அலையடிக்கும். ஓரத்துத் துளைகள் இழுபடும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் வெயிலில் கிடந்த தகட்டை அப்படியே எடுத்துத் துளைத்தால், மாலையில் நிழலுக்கு வந்ததும் துளைகள் பொருந்தாமல் போவதைப் பார்க்கலாம். நிழலில், தகடும் சட்டகமும் ஒரே சூட்டில் இருக்கும்போது துளைப்பதும், நடுவில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி ஓரத்தை நோக்கிப் போவதும் இதனால்தான். இரண்டு ஓரத்தையும் முதலில் பூட்டிவிட்டு நடுவுக்கு வருபவர், தகட்டின் உப்பலை நடுவிலேயே சிறைபிடித்துவிடுகிறார்.

அடுத்தது ஈரமும் உப்பும். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். மதுரையின் வறண்ட காற்றில் இது மெதுவாக நடக்கிறது. அதே வண்டி இராமேசுவரத்துக்கோ தூத்துக்குடிக்கோ தினமும் போய் வந்தால் ரிவிட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்க அதிக காலம் ஆகாது. ரிவிட் தலையின் நடுவில் துருப்புள்ளி தெரிந்தால், உள்ளே மாட்டிக்கொண்ட எஃகுக் கம்பித் துண்டு துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். சட்டகத்துக்கு பிரைமர் அடிக்க வேண்டும், துளை போட்டபின் வெளிப்பட்ட எஃகு விளிம்புக்கும் தொட்டுவிட வேண்டும். அலுமினியத்துக்கு ஜிங்க் குரோமேட் பிரைமர் நன்றாகக் காக்கும். ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. முகமூடி இல்லாமல் தேய்க்கவோ தெளிக்கவோ கூடாது. தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே பாலியூரிதேன் சீலன்ட் இழுத்து, அது ஈரமாக இருக்கும்போதே ரிவிட் அடித்தால் இரண்டு உலோகமும் தொடாமலே பிணையும். அதிர்வும் அடங்கும்.

அந்தப் பசையே போதுமே, துளை எதற்கு என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸின் அலுமினியச் சட்டகம் பெரும்பாலும் பசையாலேயே ஒட்டப்பட்டது. புதிய பேருந்துகளிலும் பக்கவாட்டுத் தகடுகளைப் பசையால் ஒட்டும் முறை பரவுகிறது. பசை சுமையை ஓரிடத்தில் குவிக்காமல் பரப்புகிறது. ஆனால் தகடும் சட்டமும் எண்ணெய் இல்லாமல், தூசி இல்லாமல், அளந்த ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். ஆடிக் காற்றில் செம்மண் பறக்கும் திறந்த கொட்டகையில் அது எளிதல்ல. பாதி வழியில் தகடு நசுங்கினால் பசையை வெட்டி எடுப்பதும் பெரும்பாடு. இரண்டையும் சேர்ப்பதே இந்த ஊருக்குப் பொருந்துகிறது: சுமையைப் பசை தாங்கட்டும், பசை காயும்வரை தகட்டைப் பிடிக்கவும் பசை விட்டால் தகடு பறக்காமல் காக்கவும் ரிவிட் இருக்கட்டும்.

லேசரில் எல்லாத் துளையையும் முன்கூட்டியே வெட்டி வாங்கலாம். கணினிப் படத்தில் எல்லாம் பொருந்தும். வெல்டிங் செய்த சட்டகம் இரண்டு மூன்று மில்லி கோணியிருப்பது படத்துக்குத் தெரியாது. தகட்டில் இரண்டரை மில்லி வழித்துளைகளை மட்டும் லேசரில் வெட்டி வாங்கி, சட்டகத்தின்மேல் வைத்து இரண்டையும் சேர்த்து முழு அளவுக்குத் துளைப்பதுதான் நேரத்தையும் மிச்சப்படுத்தும், பொருத்தத்தையும் காக்கும்.

தளர்ந்த பழைய ரிவிட்டை மாற்றும்போது இந்தப் பாடங்கள் எல்லாம் ஒன்றுசேர்கின்றன. முதலில் நடுவில் மிஞ்சிய கம்பித் துண்டை மெல்லிய பஞ்ச்சால் உள்ளே தட்டிவிட வேண்டும்; இல்லாவிட்டால் பிட் எஃகில் பட்டு வழுக்கித் தகட்டைக் கடிக்கும். பழைய துளையைவிடப் பெரிய பிட்டை எடுக்காமல் தலையை மட்டும் துளைத்துப் பிரிக்க வேண்டும். ரிவிட் பிட்டோடு சேர்ந்து சுற்றினால் டேப் ஒட்டி அழுத்திப் பிடிக்கலாம். தலை போனதும் மிச்சத்தைத் தட்டிவிட்டுத் துளையைப் பார்க்க வேண்டும். வட்டமாக இருந்தால் அதே அளவு ரிவிட் போதும். நீண்டிருந்தால் 4.9 மி.மீ. பிட்டால் பெருக்கி 4.8 ரிவிட் போடலாம். அதற்கு முன் ஓரம் பத்து மில்லியாவது இருக்கிறதா என்று அளக்க வேண்டும். துளையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியிருந்தால், அது முடியும் இடத்தில் இரண்டரை மில்லித் துளை ஒன்று போட்டு விரிசலை நிறுத்தி, உள்ளிருந்து ஒரு ஒட்டுத்தகடு வைத்து, அதைச் சுற்றிப் புதிய இடத்தில் நான்கு ரிவிட் அடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பிசிறு நீக்கிவிட்டு.